ஏழு நூல் தாண்டிய நீலம்

பள்ளிக் கைவேலைக் கண்காட்சிக்கு விதி ஒன்று உண்டு: நெசவுப் பிரிவில் ஊசி வேலை கூடாது, ஐயம் எழுந்தால் மாணவரைத் தறியில் உட்காரவைத்து, நெய்யச் சொல்லிப் பார்த்தே முடிவெடுக்க வேண்டும். முற்பாதி எல்லோருக்கும் மனப்பாடம். பிற்பாதி அச்சில் இருந்தது.

எழுபதுகளின் நடுவில், கேரளத்துச் சித்தூருக்குக் கிழக்கே எங்கள் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் மேசைமேல் வைக்கும் சிறு தறி ஒன்று இருந்தது. அதில் நீளவாக்கில் ஓடும் பாவு நூல்கள் ஒரு பலகையின் துளையிலும் பிளவிலும் மாறி மாறிக் கோத்திருக்கும். பலகையை ஏற்றியும் இறக்கியும் குறுக்கே நூல் ஓட்டினால் வெறும் துணி வரும். ஆறாம் வகுப்பில் ஒருநாள் பலகையை இறக்கியபோது பிளவு நூல்கள் மட்டும் மேலே நின்றன. பலகைக்குப் பின்னால் அவற்றில் ஒன்றை எடுத்து, ஒன்றை விட்டு, என் மர ஸ்கேலை நுழைத்தேன். பலகையை நடுவில் நிறுத்தி, ஸ்கேலை நிமிர்த்தி, நீல நூலை ஓட்டினேன். மும்மூன்று வெள்ளை நூல்களைத் தாண்டி நீலம் மேலே படுத்தது. பூ!

ஸ்கேலைப் பின்னே தள்ளினால் வெறும் துணி. முன்னே இழுத்து நிமிர்த்தினால் மறுபடி பூ. மூன்று வாரம் எனக்குச் சோறு இறங்கவில்லை. கணக்கு வகுப்பில் ஸ்கேல் இல்லாததற்கு அடி வாங்கினேன். அது உறைக்கவும் இல்லை. கண்காட்சியில் முதல் பரிசு பெற்றால் பாலக்காட்டுக்குக் கூட்டிப்போவார்கள். நான் பாலக்காட்டைப் பார்த்ததில்லை.

அறுத்தெடுத்த துணியை வீட்டில் விரித்ததும் அக்கா சிரித்தாள்.

"ஏம்புள்ள, பூவுக்கு நடுவுல வாய்க்கா வெட்டியிருக்கற?"

ஸ்கேல் கோக்கும்போது எடுக்க வேண்டிய ஒரு நூலை விட்டிருக்கிறேன். ஒவ்வொரு பூ வரிசையிலும் அதே இடத்தில் நீலம் ஏழு நூல் தாண்டித் தொங்கியது, மேலிருந்து கீழ்வரை நேர்கோடாக. நான் அழுதேன். அக்கா பூத்தையலில் கெட்டிக்காரி.

"அழுவாத. இப்படியே கொண்டுபோனா மானம் போயிரும்" என்று சொல்லி, ஒவ்வொரு தொங்கலின் நடுவிலும் வெள்ளை நூலால் ஒரு தையல் போட்டாள். கோடு மறைந்தது.

வேறொரு பள்ளியில் நடந்த கண்காட்சியில் நடுவராக வந்த டீச்சர் துணியைப் புரட்டினார். அடியில் முடிச்சு தெரிந்தது. தறியில் பூ வராது, எல்லாமே ஊசி வேலை என்று சொல்லித் துணியைப் போட்டியிலிருந்து ஒதுக்கினார்.

"ஊசி தொடவே இல்லீங்க டீச்சர். தறி குடுங்க, இப்பவே நெய்ஞ்சு காட்டறனுங்க."

முதல் வாக்கியம் பொய். இரண்டாவதை யாரும் கேட்கவில்லை. தறி எங்கள் பள்ளிக்கூடத்தில் இருந்தது. டீச்சருக்குப் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது.

வீட்டுக்கு வந்ததும் அக்கா தன் தையல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தாள். வாய்க்கால் கோடு திரும்ப வந்தது. "கெடுத்துப்புட்டியே" என்று அவள் முதுகில் குத்தினேன். அப்பா கோட்டின்மேல் விரலை ஓட்டிப் பார்த்துவிட்டு அக்காவிடம் சொன்னார்.

"மனு எழுது சாமி. ஊசின்னா ஒரே எடத்துல இத்தனை தடவை தப்பாது, தறியிலதான் தப்பும்னு எழுது."

அக்கா எழுதினாள். "ஊசி என்னுடையது, தங்கச்சியுடையது அல்ல" என்றும் சேர்த்தாள். அப்பா கையெழுத்திட்டு, துணியையும் சேர்த்துக் கல்வி ஆபீஸுக்குப் பதிவுத் தபாலில் அனுப்பினார். என் தப்பைப் போய் சர்க்காருக்கு அனுப்புகிறார்களே என்று இரண்டு நாள் இருவரோடும் பேசவில்லை. எனக்கிருந்த ஒரே சாட்சி அதுதான் என்பது விளங்கும் வயதில்லை.

துணி தறியில் நெய்யப்பட்டதே எனத் தெளிவாவதால் மாணவியைப் போட்டியில் சேர்த்துக்கொள்ளலாம் என்ற பதில், அடுத்த வருடக் கண்காட்சி முடிந்த மறுநாள் வந்தது.