பெயர் போடாத அறிவிப்பு

ஆவடியில் ஒரு பள்ளியில் நான் சமூக அறிவியல் வாத்தியார். சர்வாதிகாரிகள் பாடம் எனக்கு மிகவும் பிடிக்கும். ஒரே வானொலி, ஒரே குரல், திட்டித் தீர்க்க ஓர் எதிரி என்று விளக்கிவிட்டு, "ஜனங்க இதையெல்லாம் எப்படிடா நம்பினாங்க?" என்று பிள்ளைகளைக் கேட்பேன். ஏதோ நான் நம்பியிருக்கவே மாட்டேன் என்கிற மாதிரி!

சாயங்காலம் ரயில் பிடித்துப் பட்டாபிராமுக்கு வந்து, எங்கள் குடியிருப்புச் சங்கச் செயலாளருக்கு அறிவிப்பு எழுதிக் கொடுப்பேன். சொல்லவே நாக்கு கூசுகிறது. "உங்க தமிழ் யாருக்கு சார் வரும்?" என்று அவர் ஒரு தடவை சொன்னார். அது போதுமாக இருந்தது எனக்கு.

குடியிருப்பின் வாட்ஸ்அப் குழுவில் அவர் ஒருவர்தான் எழுத முடியும். மற்றவர்கள் கீழே கட்டைவிரல் போடலாம், அவ்வளவுதான். யார் பார்த்தார்கள், யார் பார்த்தும் விரல் போடவில்லை என்று அவர் தினமும் கணக்கெடுப்பார். லிப்டில் மாட்டினால், "நேத்து பார்த்தீங்க, ஒண்ணும் போடலையே, உடம்பு சரியில்லையா?" என்று சிரித்துக்கொண்டே கேட்பார். மறுநாள் அந்த வீட்டுக்காரர் முதல் ஆளாக விரல் போடுவார். நானும்தான் போட்டேன், நானே எழுதியதற்கு.

அந்தக் கோடையில் தண்ணீர் பாதி நாள் வரவில்லை. எங்களுக்கு மோட்டார், குழாய் வேலையெல்லாம் பார்த்த பிளம்பர் பக்கத்துப் பழைய ஊர்க்காரர். இந்தக் கட்டடம் நிற்கும் இடத்தில் அவருடைய அப்பா நெல் போட்டவர். அவர் தரைக்கடியில் இருக்கும் தண்ணீர்த் தொட்டியை, அதாவது சம்ப்பை, எட்டிப் பார்த்துவிட்டுச் செயலாளரிடம் நேராகச் சொன்னார்: "சம்ப்புல கிராக் கீது சார். தண்ணி பூமிக்குள்ள பூடுது. நீ எவ்ளோ ஊத்துனாலும் நிக்காது."

சம்ப்பைப் போன வருஷம்தான் புதிதாகக் கட்டியிருந்தோம். அது செயலாளரின் பெருமை. திறப்பு விழா, மாலை, போட்டோ எல்லாம் ஆயிற்று. அதில் விரிசல் என்றால் அவருக்கு எப்படி இருக்கும்?

அன்று சாயங்காலமே என்னைக் கூப்பிட்டார். "வெளியாள் யாரோ வால்வைத் திறந்து தண்ணி எடுக்கறாங்கன்னு எழுதுங்க சார்."

"யாரு சார்?"

"பேர் போடாதீங்க. அவங்களே கண்டுபிடிச்சுக்குவாங்க."

பொய் என்று எனக்குத் தெரியும். அன்று காலையில்தான் பிளம்பர் என்னிடமும் விரிசலைக் காட்டியிருந்தார். ஆனாலும் எழுதினேன். 'நம் பிள்ளைகளின் தண்ணீரை, நம் வால்வு தெரிந்த கை ஒன்று எடுக்கிறது' என்று எழுதிவிட்டு, வாக்கியம் நன்றாக வந்ததே என்று ஒரு முறை படித்தும் பார்த்துக்கொண்டேன். அடச்சீ, என்ன ஜென்மம்!

எங்கள் வால்வைத் தொடும் வெளியாள் பிளம்பர் ஒருவர்தான். இரண்டே நாள். அவர் தண்ணீர்க் கேன் தூக்கிக்கொண்டு போனதைக் கண்ணால் பார்த்ததாக மூன்றாவது மாடி அம்மா சொன்னார். பிளம்பருக்கு எப்போதும் டீ போட்டுக் கொடுத்த என் பக்கத்து வீட்டுக்காரர், "எனக்கு அந்தாள் மேல ஆரம்பத்துலேருந்தே ஒரு டவுட்டு சார்" என்றார். பிளம்பரை வாட்ச்மேன் கேட்டிலேயே நிறுத்தினார். பிளம்பரின் மனைவி எங்கள் கட்டடத்தில் நான்கு வீட்டில் வேலை செய்தவர். நான்கு வீட்டிலும் ஒரே வாரத்தில் நிறுத்திவிட்டார்கள். பக்கத்துக் குடியிருப்புகளுக்கும் பேச்சு பரவி, அங்கேயும் பிளம்பரைக் கூப்பிடுவதில்லை.

ஒரு நாள் எங்கள் பக்கத்து நெமிலிச்சேரி ஸ்டேஷன் வாசலில் அவர் என்னைப் பிடித்துக்கொண்டார். "சார், நீ படிச்சவரு. உன்கிட்டதான் அந்த கிராக்கைக் காட்டினேன். நீ சொன்னா நம்புவாங்கோ. திருடன்றாங்க சார், என் பொண்ணு ஸ்கூல்ல கூட கேக்குறாங்கோ."

"பார்க்கலாம்" என்றேன். ரயிலுக்கு நேரமாகிறது என்று பொய் சொல்லிவிட்டுப் படியேறினேன்.

தண்ணீர் மட்டும் வரவில்லை. கடைசியில் வேறு வழியில்லாமல் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் சம்ப்பை முழுக்க இறைத்தார்கள். எல்லோரும் சுற்றி நின்றோம். அடியில் ஒரு மூலையிலிருந்து மறு மூலை வரை, விரல் நுழைகிற அளவு விரிசல். அப்பாடா, இனி பிளம்பர் பிழைத்தார் என்று நினைத்தேன்.

"பாருங்க, போகும்போது உடைச்சு வெச்சிட்டுப் போயிருக்கான்" என்றார் மூன்றாவது மாடி அம்மா. "அதானே!" என்றார்கள் நான்கைந்து பேர். செயலாளர் வாயே திறக்கவில்லை. திறக்கவேண்டிய அவசியமும் இல்லை.

"அவர் ஒண்ணும் பண்ணல. விரிசல் முன்னாடியே இருந்தது, நான் பார்த்தேன். அந்த அறிவிப்பை எழுதினவன் நான். அத்தனையும் பொய்!" என்று கத்தினேன்.

செயலாளர் என் தோளில் கை போட்டார். "சாருக்கு இளகின மனசு. தன் மேல பழி போட்டுக்கிட்டாவது அவனைக் காப்பாத்தப் பார்க்கறார்." எல்லோரும் என்னைப் பாசமாகப் பார்த்தார்கள். யாரோ ஒருவர் தண்ணீர் பாட்டிலை நீட்டி, "உக்காருங்க சார்" என்றார்.

சம்ப்பை இறைக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு வந்திருந்த பிளம்பர், கேட்டுக்கு வெளியே கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். நான் அவரிடம் போனேன்.

"நீயா சார் எழுதின?" என்றார்.

அத்தனை பேரில் என்னை நம்பியது அவர் ஒருவர்தான்.