புறா மாடத்துக்குப் பயந்த ஸ்டெல்லா அக்கா

ஸ்டெல்லா அக்கா மாரடைப்பில் போய்விட்டார் என்று அலுவலகக் குழுவில் செய்தி வந்தபோது, திருவொற்றியூர் நெடுஞ்சாலையில் கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே சிக்கிய பேருந்தில் நின்றுகொண்டிருந்தேன். துக்கத்துக்கு முன்னால் வந்தது பயம். அந்தப் புறா மாடத்துக்கு இனி யார் பயப்படுவார்கள்?

பழைய கட்டடங்களை அளந்து வரையும் நம் சிறிய அலுவலகத்தில் அவரோடு வேலை பார்த்தவர்களுக்கு அந்த இடம் தெரியும். காலடிப்பேட்டையைத் தாண்டி, யாரோ ஒரு கப்பல் வியாபாரி கட்டிய தோட்ட பங்களா. பங்களா போய் லாரி நிறுத்தம் வந்துவிட்டது. குதிரை லாயம் மட்டும் நீளமாக மிச்சமிருக்கிறது. அதன் நடு வளைவின் மேல் வட்டமான செங்கல் கோபுரமாகப் புறா மாடம். லாயத்தில் இப்போது குடும்பங்கள். குதிரை மூத்திரம் வடிவதற்காகச் சரித்துப் போட்ட தரையில் எந்தக் குண்டானும் நேராக நிற்பதில்லை.

முதல் நாள் அக்கா கோபுரத்துக்குள் நின்று அண்ணாந்து பார்த்தார். சுவர் முழுக்கப் புறாக்களுக்கென்று விட்ட பொந்துகள். எல்லாவற்றையும் சிமென்ட் வைத்து அடைத்திருந்தார்கள்.

"யாரும்மா அடைச்சது?"

"நாங்கதான்க்கா," என்றாள் நடு வளைவின் கீழே குடியிருக்கும் மல்லிகா. காசிமேட்டில் மீன் விற்பவள். "பொறா பீ சோத்துல வுயுது. வெளியவும் ஷோக்கா பூசிட்டோம்."

"சுண்ணாம்புச் செவுரு மூச்சு வுடும்மா. நீங்க மூக்கை அடைச்சுட்டீங்க."

உப்புக்காற்றின் ஈரம் வெளியேற வழியில்லாமல் உள்ளே தங்கி, செங்கல் மாவாகிக்கொண்டிருந்தது. விரலால் சுரண்டினால் உதிர்ந்தது. வெளியே வந்தபோது அக்காவின் கை நடுங்கியது. அதை அவர் மறைக்கவில்லை.

"எனக்கு பயமா கீது. எல்லாரும் வெளிய வாங்க."

"அளக்க வந்த அக்காவுக்குப் பேய் புட்சிக்கிச்சு," என்றார் மல்லிகாவின் கணவர்.

"பேய்னா மந்திரிச்சு வுட்டுடலாம் நைனா. இது செங்கல்லு."

அன்று அக்கா போட்ட சத்தத்தில் லாயமே தெருவுக்கு வந்தது. சாயங்காலம் வரை எதுவும் விழவில்லை. எல்லோரும் சிரித்துக்கொண்டே உள்ளே போனார்கள். அதிலிருந்து அவருக்குப் 'பேஜாரு அக்கா' என்று பெயர். இடத்தின் சொந்தக்காரர், மழை முடியட்டும் பார்க்கலாம் என்றார்.

அக்கா போவதை நிறுத்தவில்லை. கோபுரச் சுவரில் ஓடிய ஒரு விரிசலின் குறுக்கே கண்ணாடித் துண்டை ஒட்டிவைத்தார். சுவர் நகர்ந்தால் கண்ணாடி உடையும். அதைப் பார்ப்பதற்கென்றே ஷேர் ஆட்டோ பிடித்துப் போவார். ஒருமுறை என்னிடம் சொன்னார்: "வுயலன்னா சிரிப்பாங்க. சிரிக்கட்டும். சிரிக்கறதுக்கு ஆள் இருந்தா போதும்."

அக்காவின் அடக்கம் முடிந்ததும் கல்லறைத் தோட்டத்திலிருந்து நேராக லாயத்துக்குப் போனேன். மழை தூறிக்கொண்டிருந்தது. கண்ணாடி இரண்டாகப் பிளந்திருந்தது. மல்லிகாவின் கதவு நிலையில் இறுகி மூட மறுத்தது. தெருவில் ஒரு லாரி போனது. என் தோளில் செம்மண் போலத் தூள் கொட்டியது. நாலு பேர் முன்னால் குரல் உயர்த்திப் பழக்கமில்லாத நான் கத்தினேன். என்ன கத்தினேன் என்று நினைவில்லை. மற்றவர்கள் முணுமுணுத்துக்கொண்டே உறவினர் வீடுகளுக்குக் கிளம்பினார்கள். மல்லிகா மட்டும் வாசலில் நின்றாள்.

"எங்க போறது? நீயே சொல்லு."

என் வீட்டுக்கு என்றேன். இதுவரை தோழிகளைக்கூட நான் அழைத்துவராத வீடு.

இதை எழுதும்போது கூடத்தில் மல்லிகா வெங்காயம் உரிக்கிறாள். அவள் கணவர் ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கிறார். மழை வலுத்துவிட்டது. மாடம் நிற்கிறதா, விழுந்ததா, எங்களுக்குத் தெரியாது.

"வுயலன்னு வை, உன்னை சும்மா வுடமாட்டேன்," என்கிறாள்.

சரி என்கிறேன். இடி இடிக்கும்போதெல்லாம் என் கை நடுங்குகிறது. ஸ்டெல்லா அக்காவிடமிருந்து எனக்கு வந்தது இந்த நடுக்கம்தான். மல்லிகா பார்க்கட்டும் என்று கையை மேசை மேலேயே வைத்திருக்கிறேன்.