அர்ச்சனையில் சொன்ன பெயர்

என் கணவர் உருளைக்கிழங்கு லாரி ஓட்டிக்கொண்டிருந்தார். மலைமேல் பள்ளங்கி கிராமத்தில் மூட்டை ஏற்றினால் மதுரைச் சந்தையில் இறக்கிவிட்டு மறுநாள்தான் வருவார். பெருமாள்மலையில், கடைகளுக்குப் பின்னால் ஓர் அறையில் குடியிருந்தோம். குழந்தை இல்லை. அறுபதுகளின் தொடக்கம் அது.

ஒரு மழைக்காலத்தில் லாரி மலைப்பாதை வளைவில் கவிழ்ந்தது. மூட்டைகளின் மேல் உட்கார்ந்து வந்த பள்ளங்கி விவசாயி அங்கேயே இறந்துபோனார். என் கணவருக்குத் தோளில் மட்டும் அடி. அவர் குடித்திருந்தார். கோர்ட்டில் அவரே அதை ஒத்துக்கொண்டார். மதுரை ஜெயிலுக்கு அனுப்பினார்கள்.

ஊர் என்னோடு சண்டை போடவில்லை. பேசுவதை நிறுத்திவிட்டது, அவ்வளவுதான். குழாயடிக்கு நான் போனால் பேச்சு நின்றுவிடும். குடத்தோடு திரும்பி நடந்ததும் மறுபடி தொடங்கும். கமிஷன் கடையில் பூண்டு பிரிக்கும் வேலை கிடைத்தது. மற்றப் பெண்கள் வட்டமாக உட்காருவார்கள், நான் மூட்டைகளுக்கு அந்தப் பக்கம். அய்யம்பாளையத்திலிருந்து அண்ணன் வந்து கூப்பிட்டும் நான் போகவில்லை. என் கணவர் வரும்போது வீடு பூட்டிக் கிடக்கக் கூடாதென்று நினைத்தேன். சாயங்காலமே பனிமூட்டம் இறங்கி எதிர்க்கடையை மறைத்துவிடும். சில நாட்கள் ஒரு வார்த்தைகூடப் பேசாமலே படுத்துவிடுவேன்.

சாமி கும்பிடவும் முடியவில்லை. முருகன் படத்தின் முன் நின்றால், செத்துப்போனவரின் மனைவியும் இதே முருகனிடம்தானே அழுவார் என்று தோன்றும். அவருக்கு எதிராக நான் என்ன கேட்பது?

விபத்து நடந்து ஏறக்குறைய ஒரு வருடம் கழித்து, ஒரு காலையில், கதவைத் திறந்தால் செத்துப்போனவரின் மனைவி, அந்த அம்மா நின்றிருந்தார். கோர்ட்டில் பார்த்த முகம்.

"வெள்ளனே வேலைக்குக் கெளம்பிட்டியா?"

"ஆமாக்கா."

"இன்னைக்கு வேலை வேணாம். பழனிக்குப் போறேன், நீயும் வா. தனியாப் போக மனசு வரல."

"என்னையா கூப்பிடுறீங்க?"

"எங்க வீட்டுக்காரரு தலைத்திவசம் முடியற வரைக்கும் பழனி மலையேறக் கூடாதுன்னுட்டாங்க. இப்ப முடிஞ்சிருச்சு. வெரசாக் கெளம்பு, பஸ் போயிரும்."

ஏன் என்று கேட்க எனக்குத் தைரியம் இல்லை. முகம் கழுவி, வேறு சேலை மாற்றிக்கொண்டு போனேன். பஸ்ஸில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தோம். அந்த வளைவு வந்தபோது அவர் கண்ணை மூடிக்கொண்டார். நான் குனிந்துகொண்டேன். அடிவாரம் வந்ததும் அவர் என் பக்கம் திரும்பினார்.

"ஒன் வீட்டுக்காரரத் திட்டாத நாளில்லம்மா. அடுப்புக்கிட்ட உக்காந்தும் திட்டுவேன், காட்டுல களை எடுக்கையிலயும் திட்டுவேன்."

"இப்பவுமாக்கா?"

"இப்பவும் வருது" என்றார். பிறகு, "ஆனா அதோடயே கெடக்க முடியல" என்றார்.

வத்தலக்குண்டில் இறங்கி, பஸ் மாறிப் பழனி போய்ச் சேர மதியம் தாண்டிவிட்டது. படியேறும்போது அவருக்கு மூச்சு வாங்கியது. கையை நீட்டலாமா என்று தயங்கினேன். அவரே என் தோளைப் பிடித்துக்கொண்டார். இவ்வளவு நாளில் ஒரு மனிதக் கை என் மேல் பட்டது அப்போதுதான்.

சந்நிதியில் குருக்கள் பெயரும் நட்சத்திரமும் கேட்டார். அந்த அம்மா தன் பிள்ளைகள் பெயரைச் சொன்னார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"அவருக்கு என்ன நட்சத்திரம்?"

"யாருக்குக்கா?"

"ஒன் வீட்டுக்காரருக்கு. பேரு எனக்குத் தெரியும்."

கணவன் பெயரை வாயால் சொல்லும் வழக்கம் எங்களுக்கு இல்லை. "சதயம்" என்று மட்டும் சொன்னேன். அவர் குருக்களிடம் என் கணவரின் பெயரைத் தெளிவாகச் சொன்னார். "நல்லபடியா வீடு வந்து சேரணும் சாமி."

குருக்கள் அந்தப் பெயரைச் சொல்லி அர்ச்சனை செய்தார். நான் அழுதேன். தெய்வம் மன்னிக்குமா என்பது அதுவரை எனக்குப் பதில் இல்லாத கேள்வி. கோபப்பட எல்லா நியாயமும் உள்ள இந்த அம்மாவுக்கே, கோபம் தீராமலே இப்படி வேண்டிக்கொள்ள முடிகிறதென்றால், முருகனுக்கு முடியாதா? அன்று எனக்குப் புரிந்தது அவ்வளவுதான்.

ஊர் திரும்ப இருட்டிவிட்டது. பெருமாள்மலையில் நான் இறங்கியதும் அவர் ஜன்னல் வழியாக, "நேரத்துக்குச் சாப்பிடு" என்றார். அப்புறம் நாங்கள் உறவாடவில்லை. எங்காவது எதிர்ப்பட்டால் நின்று நலம் விசாரிப்பார். குழாயடியில் பேச்சு நிற்பதும் நிற்கவில்லை.

என் கணவர் தண்டனை முடிந்து வந்ததும் பழனி போனதைச் சொன்னேன். சோற்றில் வைத்த கையை எடுக்காமல் கேட்டார்.

"எம்பேரையா சொன்னாங்க?"

"ஆமாங்க."

எழுந்து கை கழுவிவிட்டு வெளியே போய் நின்றார். மறுநாள் பள்ளங்கிக்கு நடந்தார். ஊர் எல்லைவரை போய்விட்டுத் திரும்பிவிட்டார். கடைசிவரை அவரால் அந்த அம்மாவின் வீட்டு வாசலை மிதிக்க முடியவில்லை. குடியை விட்டார், வண்டி ஓட்டுவதை விட்டார், அதிகம் பேசுவதையும் விட்டார். தெய்வம் மன்னித்துவிட்டது என்று நான் எத்தனையோ முறை சொல்லிப் பார்த்தேன். கேட்டுக்கொள்வார். நம்பினாரா என்று எனக்குத் தெரியாது.