எஞ்சினுக்குச் சுற்றிய மாலை

நேற்றுக் கிணற்று மோட்டர் தண்ணீர் இழுக்காமல் ஓடிச் சூடேறிவிட்டது. பெயின்ற் கருகும் மணம் நான் சமைத்துக்கொண்டிருந்த குசினி வரை வந்தது. ஓடிப்போய் நிறுத்தினேன். காய்ச்சலில் வலிப்பு வந்த தம்பியை அம்மாவும் ஐயாவும் நானும் நெடுந்தீவிலிருந்து ஊர்காவற்றுறை ஆஸ்பத்திரிக்கு வள்ளத்தில் கொண்டுபோன அன்றும் இதே மணந்தான். எனக்கு அப்போது ஒன்பது வயது.

புறப்படுமுன் அம்மா, நயினாதீவு அம்மனுக்கு நேர்ந்து, வாழைநாரில் கட்டிய செவ்வரத்தம்பூ மாலையை வள்ளத்தின் பின்னால் மாட்டிய எஞ்சினில் சுற்றியிருந்தார். பாதிக் கடலில் மாலையைக் காணவில்லை. எஞ்சினைக் குளிராக்கி அதன் பக்கத்துத் துளையால் பீச்சிக்கொண்டிருந்த தண்ணீரும் நின்றுபோனது. வள்ளக்கார இராசன் அண்ணை எஞ்சினை நிறுத்தினார்.

“ஏன் நிப்பாட்டினனீர்? பிள்ளைக்குக் கண் சொருகுது!” என்று ஐயா கத்தினார்.

“தண்ணி ஏறேல்லை அண்ணை. இன்னும் ஓடினால் எஞ்சின் இறுகிப்போம். பிறகு நீந்தியோ கொண்டுபோறியள்?”

அவர் எஞ்சினைச் சாய்த்து, கடலுக்குள் சுழலும் காற்றாடிக்கு மேலே தண்ணீர் இழுக்கும் சல்லடையை விரலால் கிண்டினார். வந்தது வாழைநார். அதில் சிவப்பு இதழொன்றும் ஒட்டியிருந்தது. நானும் அவரும் மட்டுமே பார்த்தோம்.

“என்ன இராசன் அடைச்சது?” என்று அம்மா கேட்டார்.

“கடல் சாதாளைப் பாசி, அக்கா,” என்றபடி நாரைக் கைக்குள் பொத்திக்கொண்டார்.

சூடு ஆறும்வரை தம்பியின் மூச்சையே கேட்டுக்கொண்டிருந்தோம். கயிற்றின் நாலாம் இழுப்பில் எஞ்சின் பிடித்தது. துளையால் தண்ணீர் பாய்ந்தது.

தம்பி பிழைத்தான். ஐந்தாம் நாள் திரும்பும்போது அம்மா இன்னொரு மாலையோடு வந்தார். இராசன் அண்ணை அவசரமாக அதை வாங்கி வள்ளத்தின் முன்மூக்கில் கட்டினார்.

“அம்மன் முன்னுக்கெல்லோ இருக்கவேணும், அக்கா!”