மருமகளும் நானும் ஒன்றாய்ப் படித்த தாள்கள்

என் மருமகளுக்குப் படிக்க வராது என்பது கல்யாணம் ஆகி மூன்று வருஷம் கழித்துத்தான் எனக்குத் தெரிந்தது. அதுவரைக்கும் தெரியாமல் போனது அவள் சாமர்த்தியம். யாராவது ஒரு தாளை நீட்டினால், "அத்தே, கண்ணாடி எடுத்துக்கினு வரல, நீங்க பாருங்க" என்று என் கையில் தள்ளிவிடுவாள். யோசித்துப் பார்த்தால் அவளுக்குக் கண்ணாடியே கிடையாது.

திருப்பதியில் ஒரு லாட்ஜில் ரூம் சுத்தம் செய்கிற வேலை அவளுக்கு. புத்தூரிலிருந்து காலை ரயிலில் போய்ச் சாயந்திரம் வருவாள். வேலையில் கெட்டிக்காரி. மூன்றாவது மாடியில் எந்த ரூமில் குழாய் சொட்டும், எந்தக் கதவை இழுத்துச் சாத்த வேண்டும் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வாள். அந்த மாடியைப் பார்த்துக்கொண்டிருந்த சூப்பர்வைசர் அம்மா, தன் மகள் வீட்டோடு போய்விடப் போகிறாள் என்றானதும் மேனேஜர் இவளைக் கூப்பிட்டாராம். "காலையில வர்ற லிஸ்ட்டைப் படிச்சு ஆளுங்களுக்கு வேலை பிரிச்சுத் தரணும். கம்ப்ளெயிண்ட் புக்கைப் பார்க்கணும். உகாதி வரைக்கும் டைம் தர்றேன். முடிஞ்சா நீதான் சூப்பர்வைசர். முடியலன்னா வெளிய ஆள் பாக்குறேன்."

நல்ல சேதிதானே. இவள் வீட்டுக்கு வந்து சோறு துன்னாமல் சுவரைப் பார்த்துக்கினு உட்கார்ந்தாள்.

"இன்னாமே ஆச்சு?"

"எனக்குப் படிக்க வராது அத்தே."

"பத்தாவது வரைக்கும் போனியே."

"போனேன். வரல. கடைசி எழுத்துக்கு வர்றதுக்குள்ள மொத எழுத்து போயிடுது. டீச்சருங்க சோம்பேறின்னாங்க. எங்க நைனா, ரெண்டு எருமை வாங்கித் தர்றேன், மேச்சுக்கோன்னாரு."

என் மகன் லாரி ஓட்டுகிறவன், மாதத்தில் பாதி நாள் வெளியூர். அவனிடம் போனில் சொன்னோம். "அப்ப நான் அனுப்புன மெசேஜெல்லாம் யாரு படிச்சது?" என்று கேட்டான். படித்தவள் நான்தான். அதை நினைத்தால் இப்போதும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

லாட்ஜில் கூட வேலை செய்கிற ஒருத்தியின் தம்பிக்கும் இதே கதையாம். திருப்பதியில் அவன் போய்வந்த இடத்தை அவள் சொன்னாள். ஒரு வியாழக்கிழமை நாங்களும் போனோம். மருந்துக் கடைக்கு மேலே இரண்டு ரூம். வாசல் போர்டில் மூளை, மனசு, பயிற்சி என்று நீளமாக ஒரு பெயர். நான் வாய்விட்டு எழுத்துக் கூட்டி முடிப்பதற்குள் பாதிப் படி ஏறிவிட்டவள், மூளை என்று காதில் விழுந்ததும் பயந்து திரும்பி இறங்கி வந்தாள்.

"பைத்தியத்துக்குப் பாக்குற எடமா அத்தே?"

"இருந்தா இருக்கட்டும், ஏறு."

உள்ளே இருந்த பெண்ணுக்கு என் மகன் வயசுதான் இருக்கும். எங்களுக்குள் அவளை டாக்டரம்மா என்போம். இரண்டு வியாழக்கிழமை இவளை உட்கார வைத்து என்னென்னவோ செய்யச் சொன்னாள். நம்பர்களைப் பின்னாலிருந்து சொல், படத்தைப் பார்த்துச் சட்டென்று பேர் சொல், கட்டைகளை அடுக்கு. நான் மூலையில் முந்தானையைச் சுருட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எனக்கு அந்நியர் முன்னால் வாய் திறக்க வராது. சின்ன வயசிலிருந்தே அப்படித்தான்.

மூன்றாவது வாரம் டாக்டரம்மா தெலுங்கில் சொன்னாள். இதற்குப் பேர் டிஸ்லெக்ஸியா. புத்தியில் ஒரு குறையும் இல்லை. எழுத்தையும் சத்தத்தையும் சேர்க்கிற வேலை மட்டும் மூளையில் நிதானமாக நடக்கிறது. சோம்பேறித்தனத்துக்கும் இதற்கும் சம்பந்தமே கிடையாது.

"இன்னொரு தடவை சொல்லுங்க மேடம்" என்றாள் மருமகள்.

டாக்டரம்மா இன்னொரு தடவையும் சொன்னாள். ரயிலில் வரும்போது இவள் என்னிடம் மூன்றாவது தடவை சொன்னாள்.

குழந்தைகள் மாதிரி முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டாம், வேலைக்கு வேண்டியதை வைத்தே பழகலாம் என்று லாட்ஜ் லிஸ்ட் மாதிரியே தெலுங்கில் எட்டுத் தாள் தயார் செய்து கொடுத்தாள் டாக்டரம்மா. முன்னூற்றி நாலில் பெட்ஷீட் மாற்று, முன்னூற்றிப் பத்தில் பக்கெட் உடைந்திருக்கிறது, இப்படி. கூடவே நடுவில் ஜன்னல் வெட்டிய அட்டை ஒன்று. அதைத் தாள்மேல் வைத்தால் ஒரு வரி மட்டும் தெரியும். வீட்டில் தினமும் யாராவது கூட உட்கார வேண்டும் என்றாள். மருமகள் என்னைக் காட்டினாள். நான் அஞ்சாவது வரைக்கும்தான், அதுவும் தமிழ்ப் பள்ளிக்கூடம். தெலுங்கு எழுத்தெல்லாம் பஸ் போர்டு பார்த்து வந்தது என்று மருமகளே எனக்காகச் சொன்னாள். "ரொம்ப நல்லது. வேகமாப் படிக்கிறவங்க இதுக்கு லாயக்கில்ல" என்றாள் டாக்டரம்மா. என் ஆயுசில் என் படிப்பை யாரும் அப்படி மெச்சினதில்லை.

அங்கேதான் நான் ஒரு வேலை செய்தேன். பகலில் வீட்டில் சும்மா இருக்கிறவள்தானே என்று தாளை முதலிலேயே நான் படித்துப் பழகிக்கொண்டேன். இவள் களைத்து வருவாள். பாவம், திணற வேண்டாமே என்று நானே முதலில் முழுசும் படித்துக் காட்டிவிடுவேன். அப்புறம் இவள் படிப்பாள். பத்தே நாளில் தண்ணீராய்ப் படித்தாள். எங்கள் வீட்டுப் பழக்கம் அது. ஒருத்தருக்கு ஒரு வேலை கஷ்டமென்றால் இன்னொருத்தர் பாதியை முடித்துத்தான் கையில் கொடுப்போம்.

அடுத்த வியாழக்கிழமை டாக்டரம்மா ஒரு தாளை நீட்டினாள். மருமகள் அட்டையை வைத்துக்கொண்டு கடகடவென்று ஒப்பித்தாள். டாக்டரம்மா கன்னத்தில் கை வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தாள். எனக்குப் பெருமை தாங்கவில்லை, மெல்லக் கழுத்தை நீட்டித் தாளை எட்டிப் பார்த்தேன். கையில் இருந்தது நாலாவது தாள். வாயில் வந்துகொண்டிருந்தது மூன்றாவது தாள்.

படித்து முடித்துவிட்டு இவள் எங்கள் முகத்தைப் பார்த்தாள். பிறகு தாளைப் பார்த்தாள். முகம் செத்துப்போனது. "ஏமாத்தணும்னு இல்ல மேடம்" என்றாள்.

அந்த ரூமில் அத்தனை வாரத்தில் நான் பேசின முதல் பேச்சு அதற்குப் பிறகுதான் வந்தது. "தப்பு என்னுது. நான்தான் முன்னாடியே படிச்சுப் படிச்சுக் காட்டினேன்."

டாக்டரம்மா நாற்காலியில் சாய்ந்து சிரித்தாள். "எட்டுத் தாளும் மனப்பாடமா?"

"எட்டும்" என்றாள் மருமகள் மெதுவாக.

"எனக்கு ஒரு தாள்கூட வராது. இவ்ளோ நாளா இதை ஏன் எங்கிட்ட சொல்லல? இதுவும் நமக்கு வேணும்."

அன்றிலிருந்து தாளை உறையில் போட்டு ஒட்டிக் கொடுத்தாள். சாயந்திரம் இரண்டு பேரும் ஒன்றாக உறையைப் பிரித்து, ஒன்றாகவே சத்தம் போட்டுப் படிக்க வேண்டும். இவள் என் மணிக்கட்டைத் தட்டினால் நான் நிறுத்திவிட வேண்டும், இவள் தனியாகப் போவாள். திணறினால் மனசுக்குள் அஞ்சு எண்ணிவிட்டுத்தான் நான் சொல்லித்தர வேண்டும். அஞ்சு எண்ணுவது எவ்வளவு கஷ்டம் என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது. என் குரலோ மேலே எழும்பாது. "அத்தே, நீங்க படிக்கிறது எனக்கே கேக்கல" என்பாள். கொஞ்சம் சத்தமாகப் படித்தால் பக்கத்து வீட்டுக்காரி வந்து நிற்பாள். "மாமியாளும் மருமகளும் சண்ட போடுவீங்கன்னு பாத்தா பஜனை பண்ணிக்கினு இருக்கீங்க. அது இன்னா பஜனை, பக்கெட் ஒடஞ்சிருக்குன்னு?"

தண்ணீராய் ஓடவில்லை இந்தத் தடவை. ஒரு வரிக்கு இரண்டு இடத்தில் நின்றது. ஆனால் வாயில் வந்தது அந்தத் தாளில் இருந்ததுதான்.

உகாதிக்கு முந்தின வாரம் மேனேஜர் வரச் சொன்ன நாளில், "சும்மா வந்து உக்காருங்க அத்தே" என்று என்னையும் கூட்டிப்போனாள். மொட்டை போட்ட ஜனங்களுக்கும் பைகளுக்கும் நடுவில் லாட்ஜ் ஹாலில் உட்கார்ந்துகொண்டேன். மேனேஜர் லிஸ்ட்டைக் கொடுத்தார். இவள் பத்து நிமிஷம் கேட்டாள்.

"பத்து நிமிஷமா? பழைய அம்மா ரெண்டு நிமிஷத்துல முடிச்சிடுவாங்களே."

"அந்தம்மா ரெண்டு நிமிஷத்துல படிச்சிட்டு, பத்து தபா கீழ வந்து கேப்பாங்க சார். நான் ஒரே தபா படிப்பேன். அப்புறம் எறங்கவே மாட்டேன்."

அட்டையை வைத்து ஒவ்வொரு வரியாக நகர்த்தினாள். உதடு அசைந்துகொண்டே இருந்தது. நான் மனசுக்குள் அஞ்சு அஞ்சாக எண்ணிக்கொண்டிருந்தேன். முடித்ததும் லிஸ்ட்டைக் கவிழ்த்து வைத்துவிட்டு, எந்த ரூமுக்கு யார், எதை முதலில், எதை மத்தியானத்துக்கு மேல் என்று வரிசையாகச் சொன்னாள். ஓரிடத்தில் தப்பு. மேனேஜர் விரலை வைத்ததும் மறுபடி அட்டையை வைத்துப் பார்த்து அவளே திருத்தினாள்.

"சரி, ஒரு மாசம் பாக்கலாம்" என்றார்.

மாசம் முடிந்து இன்னும் நாலு மாசமும் ஆகிவிட்டது. மூன்றாவது மாடி இவளுடையதுதான். போன வாரம் ஒரு நாள் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே சிரித்துக்கொண்டு வந்தாள். கம்ப்ளெயிண்ட் புக்கில் ஒரு ஆள் இவளைப் பற்றியே எழுதியிருந்தானாம். மூன்றாவது மாடி சூப்பர்வைசர் எதைக் கொடுத்தாலும் நின்று நிதானமாகப் படிக்கிறார், எங்கள் நேரம் வீணாகிறது என்று.

"உன்னத் திட்டித்தானே எழுதியிருக்கான். இதுல இன்னா சிரிப்பு?"

"அந்தத் திட்டு முழுசையும் யாரையும் கேக்காம நானே படிச்சேன் அத்தே."

படித்ததோடு விடவில்லையாம். இனிமேல் பார்த்துக்கொள்கிறோம் என்று அடியில் பதிலும் எழுதினாளாம். எழுதி முடிப்பதற்குள் அந்த ஆள் ரூமைக் காலி செய்துகொண்டு போய்விட்டானாம்.