பாதி ரம்மும் ரெண்டு டாங்கியும்

உனக்குப் பிடித்த சரக்கு எது என்று யாராவது கேட்டால், இன்றைக்கும் 'பாதி' என்றுதான் சொல்வேன். எந்தக் கம்பெனி, என்ன பெயர் என்பதெல்லாம் எனக்கு ஒரு பொருட்டாக இருந்ததே இல்லை. குவார்ட்டர் பாட்டில் ரம்மில் பாதி, அதன் தலையில் சில்லென்று பன்னீர் சோடா, கடித்துக்கொள்ள மிளகாய்த்தூள் தூவிய மாங்காய்ப் பத்தை. இதற்கு மேல் ஒரு ஞாயிற்றுக்கிழமைக்கு என்ன வேண்டும்?

தொண்ணூறுகளின் கடைசியில் உத்திரமேரூரில் ஒரு கடையில் மோட்டார் காயில் கட்டிக்கொண்டிருந்தேன். சுற்றியிருக்கிற கழனிகளில் பம்புசெட் மோட்டார் புகைந்தால் எங்களிடம்தான் தூக்கி வருவார்கள். கருகிய செம்புக் கம்பியைப் பிரித்துப் போட்டுவிட்டுப் புதுக் கம்பி சுற்றி, வார்னிஷ் அடித்து அனுப்ப வேண்டும். எங்கள் முதலாளி குடிக்க மாட்டார், ஆனால் குடியைப் பற்றி அவரைப் போல் பேச ஆளில்லை. "பீருன்னா வயித்துக்கு வேல, மண்டைக்கு லீவு" என்பார். "பிராந்தி சளிக்கு, ரம்மு குளுருக்கு, விஸ்கி ஆபீசருக்கு" என்பார். இப்படி யார் எதைச் சொன்னாலும் மனதில் முடிந்து வைத்துக்கொள்வது என் பழக்கம். பள்ளிக்கூடம் எட்டாவதோடு முடிந்துவிட்டது. மிச்சத்தையெல்லாம் ஜனங்கள் பேசக் கேட்டுத்தான் படித்தேன்.

பாதி என்றேன் அல்லவா, அதற்கு 'கட்டிங்' என்று பெயர். ஒயின் ஷாப்புகளைத் தனியார் ஏலம் எடுத்து நடத்திய காலம் அது. முழுக் குவார்ட்டர் வேண்டாம், பாதி போதும் என்கிறவன் கடை வாசலில் நின்று ஒரு விரலின் நடுவில் இன்னொரு விரலை வைத்து அறுத்துக் காட்டுவான். அதே எண்ணத்தோடு வருகிற இன்னொருவன் தலையை ஆட்டுவான். இரண்டு பேரும் சேர்ந்து ஒரு பாட்டில் வாங்கிக்கொண்டு, பின்னால் தகரக் கொட்டகைக்குப் போவார்கள். அங்கே ஒரு ஒழுங்கு உண்டு. ஒருவன் இரண்டு கிளாசிலும் ஊற்ற வேண்டும், எந்த கிளாஸ் வேண்டுமோ அதை மற்றவன் முதலில் எடுத்துக்கொள்ள வேண்டும். இப்படி வைத்தால் ஊற்றுகிறவன் கை எப்படி ஏமாற்றும்?

இன்னொரு ஒழுங்கும் உண்டு. பேர் கேட்கக் கூடாது. எந்த ஊர், எந்தத் தெரு என்று கேட்டுவிட்டுத்தான் தண்ணீரே கொடுக்கிற ஊர் எங்களுடையது. கேட்காமலேயே பக்கத்தில் உட்காருகிற ஒரே இடம் அந்தத் தகரக் கொட்டகைதான். நான் அங்கே போனதில் பாதி ரம்முக்கு, பாதி இதற்கு.

என் இன்னொரு ஆசை டிவி கேம். கடைத்தெருவில் பலசரக்குக் கடை வைத்திருந்த பாய், பக்கத்து அறையில் ஒரு கலர் டிவியும் கேம் பெட்டியும் வைத்து மணிக்கணக்கில் வாடகைக்கு விட்டிருந்தார். கேசட்டின் மேல் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றொன்பது ஆட்டம் என்று போட்டிருக்கும். உள்ளே இருப்பது பத்துப் பன்னிரண்டுதான், மற்றதெல்லாம் அதே ஆட்டம் வேறு சட்டையில். அதைக் கேட்டால் பாய், "கல்யாண வூட்டு கத்திரிக்கா தம்பி. சாம்பாருலயும் அதான், கூட்டுலயும் அதான். நீ சாப்டாம போயிடுவியா?" என்பார்.

கார் ரேசும் ஆடுவேன். வண்டி திரும்புகிற பக்கமெல்லாம் உடம்பும் சாய்ந்து பக்கத்தில் இருப்பவன் மடியில் விழுவேன். ஆனால் உயிர் என்றால் டாங்கிதான். திரையின் அடியில் செங்கல் சுவருக்குள் ஒரு கழுகு உட்கார்ந்திருக்கும். எதிரி டாங்கிகள் மேலேயிருந்து இறங்கி வரும். கழுகைச் சுட்டுவிட்டால் ஆட்டம் முடிந்தது. இரண்டு பேர் சேர்ந்து அதைக் காப்பாற்ற வேண்டும். சேர்ந்து ஆடுகிறவனின் குண்டு தவறி நம் மேல் பட்டால் நம் வண்டி சாகாது, கொஞ்ச நேரம் நகர முடியாமல் மினுக்கிக்கொண்டு நிற்கும். நம் குண்டே நம் சுவரையும் உடைக்கும், கழுகையும் கொல்லும். இதனால் அந்த அறையில் நடந்த சண்டைகள் கொஞ்சமில்லை.

பாய்க்கு ஒரே ஒரு கண்டிப்பு. வாய் நாறினால் உள்ளே விடமாட்டார். அதனால் எனக்குக் காலையில் டாங்கி, மத்தியானம் கட்டிங் என்று ஞாயிறு ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்தது.

அப்போதுதான் சாலவாக்கத்தில் எனக்கு ஒரு பெண் பார்த்தார்கள். பஸ் ஏறிப் போய்ப் பார்த்தோம். அவள் நிமிர்ந்து என்னை நேராகப் பார்த்தாள். பஜ்ஜி தட்டை என் முன்னால் வைத்துவிட்டு, "சூடு கீது, பாத்து" என்றாள். அந்த மூன்று சொல்லோடு நான் காலி. பெண்ணின் அம்மா மட்டும் என் அம்மாவைத் தனியாகக் கூப்பிட்டு, "எங்களுக்கு நெலம் வேணாம், நக வேணாம். குடிக்கிற பையன் மட்டும் வேணாம்" என்று சொல்லிவிட்டார். என் அம்மாவா விடும்? "எம் புள்ள சோடா குடிச்சாகூட ஏப்பம் வுட வெக்கப்படும்" என்று அடித்துவிட்டது. விசாரித்து ஒரு வாரத்தில் சொல்கிறோம் என்றார்கள்.

அந்த வாரம் எனக்குச் சோறு இறங்கவில்லை. நல்ல சேதி வருகிறவரை ஒயின் ஷாப் பக்கம் தலைவைத்துப் படுக்க மாட்டேன் என்று பாயிடம் சொல்லியிருந்தேன். ஞாயிறும் வந்தது, சேதி வரவில்லை. மத்தியானம் வரை தெருவைச் சுற்றினேன். கால் அதன் பாட்டுக்கு என்னைக் கடை வாசலில் கொண்டுபோய் நிறுத்தியது. அங்கே வெள்ளை வேட்டி, தோளில் துண்டோடு ஒரு நாற்பது வயதுக்காரர் விரலை அறுத்துக் காட்டிக்கொண்டு நின்றார்.

"ரம்மா நைனா?"

"ரம்முதாண்ணா."

தகரக் கொட்டகையில் அவர் ஊற்றினார். இரண்டு கிளாசையும் கண்ணுக்கு நேராகத் தூக்கிப் பார்த்து, ஒரு சொட்டு இதில், ஒரு சொட்டு அதில் என்று சமன் செய்தார்.

"இன்னாண்ணா, மருந்து ஊத்துற மாதிரி ஊத்துறீங்க."

"எங்க அக்கா வூட்டுக்கு மண்ணெண்ண வாங்கி பங்கு போட்டு போட்டு வந்த பயக்கம். நீ எடுத்துக்கோ."

எடுத்துக்கொண்டேன். பாதி இறங்கியதும் அவராகவே ஒழுங்கை உடைத்தார்.

"நான் இன்னாத்துக்கு இந்த ஊருக்கு வந்துக்கீறேன், தெரியுமா? எங்க அக்கா பொண்ணுக்கு ஒரு பையன் பாத்துக்கீறாங்க. இந்த ஊருல காயில் கட்றானாம். அவுங்க சாலவாக்கம் வந்தப்போ நான் நெல்லு லோடு ஏத்திக்கினு செங்குன்றம் போயிட்டேன். ஆளப் பாக்கல. அதான் விசாரிக்க வந்தேன்."

கடித்த மாங்காயைக் கீழே வைத்தேன். எழுந்து ஓடலாமா என்று பார்த்தேன். எங்களுக்கும் வாசலுக்கும் நடுவில் சுண்டல் விற்கிற அக்கா கூடையோடு உட்கார்ந்திருந்தது.

"உனுக்கு அவனத் தெரியுமா?" என்றார்.

"பாத்துக்கீறேன்."

"ஆளு எப்டி?"

"சுமாரா இருப்பான்."

"அத வுடு. குடிப்பானா? எங்க அக்கா அது ஒண்ணத்தான் கேட்டுனு வரச் சொல்லிக்கீது. எங்க மச்சான் ஊத்திக்கினு வந்தாருன்னா தெருவே எயுந்து வந்து வேடிக்க பாக்கும். கைய நீட்ட மாட்டாரு. ஆனா கத்துவாரு. கொயம்புல உப்பு இல்லன்னா கத்துவாரு, உப்பு கீதுன்னாலும் கத்துவாரு. அந்தப் பொண்ணு காதப் பொத்திக்கினே வளந்துச்சி."

கையிலிருந்த கிளாசைப் பார்த்துக்கொண்டே சொன்னேன்.

"நான் பாத்த வரிக்கும் பாதிக்கு மேல குடிச்சதில்லண்ணா."

"பாதின்னா, நம்ம மாரியா?"

"நம்ம மாரிதான்."

அவர் கொஞ்சம் யோசித்தார். "அப்ப அது குடியே இல்ல. ஆனா இத எங்க அக்காவுக்கு எப்டிப் புரிய வெக்கிறது? சரி, வேற எதுனா கெட்ட பயக்கம்?"

இங்கேதான் என் வாய் சும்மா இருக்கவில்லை. பையன் சூதுவாது தெரியாதவன் என்று காட்டுவதாக நினைத்துக்கொண்டு, "சேச்சே. ஞாயித்துக்கியமையானா பாய் கடையில டிவி கேம் ஆடுவான், அவ்ளோதான்" என்றேன்.

அவர் கிளாசைக் கீழே வைத்துவிட்டார்.

"டிவில பொம்ம ஆடுவானா? கல்யாணம் பண்ற வயசுலயா?"

"ஆமாண்ணா."

"குடிச்சாகூட ஆம்பள பயக்கம்னு வுட்டுடலாம். பொம்ம ஆட்றவனுக்கு எப்டிய்யா பொண்ணு தருவாங்க? எயுந்திரு. அந்தக் கடையக் காட்டு."

வேறு வழியில்லை. வழியெல்லாம், பாய் தூங்கப் போயிருக்க வேண்டும், கடை சாத்தியிருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டே நடந்தேன். பாய் கல்லாவில்தான் உட்கார்ந்திருந்தார். நான்கு அடி தள்ளி நிற்கும்போதே மூக்கைச் சுருக்கினார்.

"இன்னா தம்பி இது. சாலவாக்கத்துலேர்ந்து நல்ல சேதி வர்ற வரிக்கும் தொட மாட்டேன்னு சொல்லிட்டு, சோடிய வேற கூப்டுனு வந்துக்கீற?"

வேட்டிக்காரர் பாயைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். வார்னிஷ் ஏறிக் கறுத்த என் நகங்களைப் பார்த்தார்.

"காயில் கட்றவன்..."

"நான்தான் மாமா" என்றேன். அண்ணன் மாமாவானது எனக்கே காதில் விழுந்தது.

பாய்க்கு விஷயம் புரிந்ததும் வெல்ல மூட்டையின் மேல் துணியை இழுத்துவிடுகிற சாக்கில் முகத்தைத் திருப்பிக்கொண்டார். தோள் மட்டும் குலுங்கியது. மாமா துண்டை உதறித் தலையில் போட்டுக்கொண்டு வாசல் பெஞ்சில் உட்கார்ந்தார்.

"விசாரிக்க வந்தவன், மாப்ளைக்கே ஊத்திக் குடுத்துக்கினு கீறேன்" என்றார். அதைச் சொல்லும்போதே அவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. "சரி, இனிமே மறைக்க இன்னா கீது? அந்தப் பொம்மையையும் ஆடிக் காட்டு. பாத்துட்டுப் போறேன்."

"நாத்தத்தோட உள்ள போவ முடியாது" என்று பாய் சொல்லிவிட்டார். பின்கட்டு கொய்யா மரத்திலிருந்து ஒரு கொத்து இலையைப் பறித்து வந்து எங்கள் நடுவில் வைத்தார். ஆடு மேய்கிற மாதிரி இரண்டு பேரும் மென்று துப்பினோம். பாய் வந்து வாயை ஊதச் சொல்லி இரண்டு தடவை ஃபெயிலாக்கினார். மூன்றாவது தடவைதான் பாஸ்.

மாமா வேடிக்கை பார்க்கத்தான் உட்கார்ந்தார். கொஞ்ச நேரத்திலேயே கழுத்து நீண்டது. "அந்த மூலைல ஒருத்தன் வரான் பாரு. டேய், வுடாத" என்றார். இன்னொரு ஜாய்ஸ்டிக்கை அவர் கையில் கொடுத்தேன்.

நெல் மூட்டை தூக்குகிற கை அது. பட்டனை அமுக்கினால் பிளாஸ்டிக் அழுதது. முதல் குண்டிலேயே என்னைச் சுட்டார். நான் மினுக்கிக்கொண்டு நிற்க, எதிரி வந்து என்னைத் தீர்த்தான். அடுத்த வண்டி வந்தது. அதையும் சுட்டார். "நீ ஏன் குறுக்க வர?" என்று என்னையே கேட்டார். பிறகு கழுகைக் காப்பாற்றுகிறேன் என்று கீழே போய்ச் செங்கல் சுவரை ஒவ்வொன்றாக உடைத்து, கடைசியில் கழுகையும் அவரே சுட்டுக் கொன்றார்.

"முடிஞ்சிடுச்சா? யாரு கொன்னது?"

"நீங்கதான் மாமா."

எனக்கு வயிறு வலிக்கச் சிரிப்பு. மறுபடி ஆடினோம். மறுபடியும் கொன்றார். சுவரை இரும்பாக்குகிற மண்வாரிப் படம் வரும்போதெல்லாம் ஓடிப்போய் நான் எடுப்பேன். இரும்புச் சுவரையும் சுட்டுப் பார்த்து, "இன்னா இது, உடைய மாட்டுது" என்று வருத்தப்படுவார். சத்தியமாகச் சொல்கிறேன், அந்த நேரத்தில் எனக்குப் பெண் ஞாபகமில்லை, சாலவாக்கம் ஞாபகமில்லை. இப்படி ஒரு ஆட்டக்காரரோடு நான் ஆடியதே இல்லை. கடைசி பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று பாய் வந்து சுவிட்சை அணைத்துத்தான் அவரை எழுப்பினார்.

பஸ் ஏறும்போது மாமா ஒன்றும் சொல்லவில்லை. படியில் நின்றபடி துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். அவ்வளவுதான். என் சிரிப்பெல்லாம் பஸ்ஸோடு போய்விட்டது. போய் என்ன சொல்வார்? குடிக்கிறான் என்று சொன்னால் கல்யாணம் இல்லை. குடிக்கவில்லை என்று அக்காவிடம் பொய் சொல்லிக் கல்யாணம் நடந்தால், அதுவும் எனக்கு வேண்டியிருக்கவில்லை.

மூன்றாம் நாள் நான் ஒரு மோட்டாருக்குக் கம்பி சுற்றிக்கொண்டிருந்தபோது கடை வாசலில் நிழல் விழுந்தது. மாமா.

"எல்லாத்தையும் சொல்லிட்டேன்" என்றார். "கட்டிங்கயும் சொல்லிட்டேன், கொய்யா எலையயும் சொல்லிட்டேன். எங்க அக்கா ஒன்னத் திட்டல. என்னத்தான் நாள் பூரா திட்டுச்சி. பாதி குடிக்கிறவன் நாளைக்கு முழுசா குடிப்பான், வேணாம்னு சொல்லிடுன்னுச்சி."

என் கை சுற்றுவதை நிறுத்தவில்லை. நிறுத்தினால் முகத்தைப் பார்க்க வேண்டியிருக்குமே.

"நானும் சரின்னு கெளம்பிட்டேன். செருப்ப மாட்றப்போ பொண்ணு உள்ளேர்ந்து வந்துச்சி. 'மாமா, அவரு வண்டிய நீ சுட்டுக்கினே இருந்தியே, அவரு இன்னா பண்ணாரு?'ன்னு கேட்டுச்சி."

"நீங்க இன்னா சொன்னீங்க?"

"நடந்ததச் சொன்னேன். சிரிச்சான்னேன். குடிச்சிட்டு தானே உக்காந்திருந்தாரு, அப்பயும் கத்தலையான்னுச்சி. கத்தல, இன்னொரு ஆட்டம் ஆடலாம் மாமான்னான், அவ்ளோதான்னேன். அது எங்க அக்காவத் திரும்பிப் பாத்து, 'எனுக்கு இவரு போதும்மா'ன்னு சொல்லிட்டு உள்ள போயிடுச்சி. அப்புறம் எங்க அக்காவே, எந்த மாசம் வெச்சிக்கலாம்னு கேட்டுனு வான்னுச்சி."

முதலாளி ரேடியோவைக் குறைத்தார். மாமா ஏதோ கேட்டுக்கொண்டே இருந்தார், கல்யாணம் தை மாதமா மாசியா என்று. எத்தனை சுற்று சுற்றினேன் என்பது எனக்குச் சுத்தமாக மறந்துபோயிருந்தது. அந்தக் கம்பியை முழுக்கப் பிரித்துப் போட்டுவிட்டு, முதலிலிருந்து சுற்ற ஆரம்பித்தேன்.