மாப்பிள்ளை வீட்டு வேம்பு

இதை நம்பச் சொல்லி நான் யாரையும் கெஞ்சப் போவதில்லை. ஒன்றை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இது நடுராத்திரியில் நடந்ததில்லை. நாய் ஊளையிடவில்லை, பனங்காட்டுக்குள் வெள்ளைச் சேலை எதுவும் போகவில்லை. பட்டப்பகலில், உச்சி வெயிலில், சங்கரன்கோவில் ராஜபாளையம் ரோட்டில் இருந்த ஒரு ரம்ப மில்லில் நடந்தது. பகலில் பேய் வராது என்று தைரியமாக இருக்கிறவர்கள் இதைப் படித்தே ஆக வேண்டும்.

வருஷம் 1981. ஆடித்தபசுக் கூட்டமெல்லாம் கலைந்து ஊர் கொஞ்சம் மூச்சு விட்டிருந்தது. அந்த மில்லில் காளிராஜ்தான் ரம்பக்காரர். அவருக்கு உலகத்தில் இருந்த ஒரே சொந்தம் தங்கச்சி மாரித்தாய். வந்த வரன் ஒவ்வொன்றும் ஏதாவது ஒரு சாக்கில் தட்டிப்போய், அவளுக்கு இருபத்தாறு வயதாகிவிட்டது. கடைசியில் குருவிகுளம் பக்கமிருந்து நல்லகண்ணு வந்தான். இரண்டாந்தாரம்தான். முதல் மனைவி பாலம்மாள் மஞ்சள்காமாலையில் செத்துப்போனாள், பிள்ளை இல்லை என்றார்கள். ஆள் அதிர்ந்து பேசமாட்டான். காளிராஜ் அதற்குமேல் விசாரிக்கவில்லை. தங்கச்சி கழுத்தில் தாலி ஏறினால் போதும் என்றிருந்தார். ஆவணியில் முகூர்த்தம் வைத்து, பத்திரிகையும் கொடுத்தாகிவிட்டது.

இப்படியிருக்கும்போது, ஒரு நாள் காலையில் நல்லகண்ணு மாட்டு வண்டியில் ஒரு வேப்பந்தடியோடு மில்லுக்கு வந்து இறங்கினான். அவன் வீட்டு வாசலில் நின்ற மரமாம். மாரித்தாய் வந்து இறங்கப்போகிற புது அறைக்கு நிலையும் கதவும் செய்யப் பலகை வேண்டுமாம். தங்கச்சி வீட்டுக் கதவைத் தன் கையாலேயே அறுக்கக் கொடுத்து வைத்திருக்க வேண்டுமே என்று காளிராஜுக்கு மனசு குளிர்ந்துவிட்டது.

வண்டியோட்டி வந்த மூக்காண்டிதான் ஒரு மாதிரி இருந்தான். தடியை இறக்க அவன் கை கொடுக்கவில்லை. வாசலுக்கு வெளியே போய், மில்லுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டான். வண்டி வந்த அலுப்பு என்று காளிராஜ் நினைத்துக்கொண்டார்.

ஒரு தடிக்குள் என்ன இருக்கும் என்று வெளியே பார்த்துச் சொல்ல முடியாது. வேலிக் கம்பி, லாடம் எல்லாம் காளிராஜின் ரம்பத்தில் சிக்கியிருக்கின்றன. ஒரு தடவை மாட்டுச் சங்கிலியே முழுசாக இருந்தது. அதனால் தட்டிப் பார்த்து, தடவிப் பார்த்துத்தான் டிராலியில் ஏற்றினார். மில்லில் கையாளாக இருந்த மம்மது டிராலியைத் தள்ளினான். ரம்பம் மரத்துக்குள் இறங்கியது.

க்ரீச்ச்ச்...

பொறி பறந்தது. கூடவே ஒரு நாற்றம். மரம் தீய்கிற நாற்றமில்லை, முடி கருகுகிற நாற்றம்.

மோட்டாரை நிறுத்திப் பார்த்தார். ஒரு ஆணி. பட்டைக்குள் புதைந்திருந்தது. அதைச் சுற்றி ஒரு கற்றை நரைமுடி.

என்னவென்று அவருக்குப் புரிந்துவிட்டது. பேய் பிடித்து ஆடுகிற பெண்ணின் உச்சிமுடியை அறுத்து, ஆணியில் சுற்றி, மரத்தில் அடித்துவிடுவார் கோடாங்கி. பேய் அந்த மரத்தோடு நின்றுவிடும் என்று நம்பிக்கை. அப்படி ஆணி அடித்த மரத்தை விறகுக்குக்கூட யாரும் தொடமாட்டார்கள். இவன் வீட்டு நிலைக்குக் கொண்டுவந்திருக்கிறானே என்று காளிராஜுக்குச் சுருக்கென்றது. கேட்டதற்கு நல்லகண்ணு சாதாரணமாகச் சொன்னான். அம்மாவுக்கு ஒரு தடவை பிடித்ததாம், வாசலில் ஆணியோடு மரம் நின்றால் வருகிற பெண் பயப்படுவாள் என்றுதான் வெட்டினானாம். நல்ல மரத்தை எதற்கு வீணாக்க வேண்டும் என்றான்.

முதலாளி பெத்துராஜ் எட்டிப் பார்த்து, பிளேடு போச்சே என்று மட்டும் வருத்தப்பட்டுவிட்டுப் போனார். வேறு பிளேடு மாட்டினார்கள்.

இரண்டாவது ஆணி. கறுப்பு முடி.

அக்காவுக்கு என்றான் நல்லகண்ணு.

மூன்றாவது ஆணி. பூனை மயிர் மாதிரி மெல்லிசாக, குட்டையாக ஒரு கற்றை. காளிராஜ் அதைக் கையில் எடுத்தார். சின்னப் பிள்ளை முடி. நல்லகண்ணு தரையைப் பார்த்துக்கொண்டே, அக்கா மகள், ஏழு வயது என்றான்.

“எந்தப் பேய் மாப்ளே, வரிசையாப் பிடிக்குது?”

நல்லகண்ணு துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டான்.

ஒரு வீட்டில் ஒருத்தியைப் பிடித்தால் போகிற வழியில் ஏதோ ஒட்டிக்கொண்டது என்று விடலாம். விடாமல் எல்லாப் பெண்களையும் பிடித்தால்? அது அந்த வீட்டை நன்றாகத் தெரிந்த யாரோ. அந்த வீட்டில் அடுத்துக் காலெடுத்து வைக்கப்போகிற பெண் மாரித்தாய்.

பன்னிரண்டு மணிக்குக் கரண்ட் போயிற்று. அந்தக் காலத்தில் இது தினசரிக் கூத்து. ரம்பம் சுற்றி ஓய்ந்து நின்றது. பெத்துராஜ் சாப்பிட வீட்டுக்குப் போனார். மம்மது தூக்குச்சட்டியோடு வெளிவாசலுக்குப் போய், மூக்காண்டி பக்கத்தில் உட்கார்ந்தான். கொட்டகைக்குள் காளிராஜும் நல்லகண்ணும் மட்டும். கல்யாணம் வேண்டாம் என்பதை எப்படி ஆரம்பிப்பது என்று காளிராஜ் வார்த்தை தேடிக்கொண்டிருந்தார்.

கோயிலில் உச்சிக்கால மணி அடித்தது.

டண்... டண்...

கிர்ர்ர்...

டிராலி நகர்ந்தது.

தரை சரிவோ என்று காளிராஜ் பார்த்தார். சரிவு இல்லை. மம்மதுவும் பக்கத்தில் இல்லை. தடி தானாக ரம்பத்தை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது.

ரம்பம் சுற்றியது.

மோட்டார் ஓடவில்லை. பெல்ட் அசையவில்லை. பிளேடு மட்டும் இறங்கியது, இறங்கிக்கொண்டே இருந்தது.

சத்தமே இல்லை...

வேம்பை அறுத்தால் காது கிழியும். இப்போது மரத்தூள் விழுகிற சத்தம் மட்டும் கேட்டது.

தடி நடுவில் பிளந்தது.

உள்ளே, மரத்தின் வைரத்தில், இன்னொரு ஆணி. சதுரத் தலை. துரு இல்லை. இரும்பு இருந்தால் மரம் கறுத்திருக்கும், இங்கே கறுப்பே இல்லை. முப்பது வருஷமாவது வளர்ந்து மூடிய இடம் அது. ஆணியிலிருந்து தண்ணீர் சொட்டியது. பாசி வாடை.

அதில் நீளமான முடி. அறுத்த முடியில்லை. வேரோடு பிடுங்கியது.

காளிராஜ் திரும்பினார்.

நல்லகண்ணுவின் தலை பின்னால் மடங்கியிருந்தது. யாரோ முடியைப் பிடித்து இழுப்பது போல.

கண் மூடியிருந்தது.

வாய் திறந்தது.

பெண் குரல்.

“உம் தங்கச்சி எப்ப வாரா? அவளுக்கும் ஒரு ஆணி இருக்கு.”

யார் என்று காளிராஜ் கேட்கவில்லை. கேட்கவும் வேண்டியதில்லை. மாரித்தாய் பேச்சு வந்ததும் பயத்துக்கு மேலே கோபம் ஏறியது. அவர் வாழ்க்கையில் அவ்வளவு தெளிவாக எதையும் பேசியதில்லை.

“அவ வரமாட்டா, தாயீ. இவன நீயே வச்சுக்கோ.”

குரல் நின்றது.

நல்லகண்ணு கண் திறந்தான். இப்போது பார்த்தது அவன்தான். கண்ணாலேயே கெஞ்சினான். காளிராஜ் அவனை அப்படியே விட்டுவிட்டு, பக்கவாசல் வழியாக வீட்டைப் பார்த்து ஓடினார். செருப்பில்லாத காலில் தார் சுட்டதுகூடத் தெரியவில்லை.

மாரித்தாய் அடுப்படியில் பிடரியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கண் கலங்கியிருந்தது.

“கோயில் மணி அடிக்கும்போது யாரோ முடியப் பிடிச்சு இழுத்தாங்கண்ணே. திரும்பினா ஆளில்ல. பெறவு தானா விட்டுட்டாங்க.”

காளிராஜ் அவள் தலையைத் தடவிக்கொண்டே அழுதுவிட்டார். அதற்குள் மம்மது பேயடித்த முகத்தோடு ஓடிவந்தான். மில்லுக்கு வரச் சொன்னான்.

நல்லகண்ணு பிளந்த தடியில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். கண் திறந்தபடி. உயிர் இல்லை. மம்மதுவும் மூக்காண்டியும் தூக்கிப் பார்த்திருக்கிறார்கள். உடம்பு வந்தது, தலை வரவில்லை. உச்சிமுடியை மரத்தோடு சேர்த்து ஒரு ஆணி பிடித்திருந்தது. தலையில் ஒரு கீறல் கிடையாது. வைரத்திலிருந்த ஆணியைக் காணோம், பள்ளம்தான் இருந்தது. ஆணி அடித்த சத்தம் வெளியே இருந்த இரண்டு பேருக்கும் கேட்கவில்லை. போலீஸ் வந்தது. டாக்டர் மாரடைப்பு என்றார். முடியைக் கத்தரித்துத்தான் அவனை எடுத்தார்கள்.

நல்லகண்ணுவுக்காகக் காளிராஜ் ஒரு நாளும் வருத்தப்பட்டதில்லை. மாரித்தாய்க்கு அடுத்த தையில் சிவகிரியில் நல்ல இடம் அமைந்தது. அவள் இன்றைக்கும் சௌக்கியம்.

மூக்காண்டி சொன்னதைத்தான் காளிராஜால் மறக்க முடியவில்லை. ஐப்பசி வாக்கில் பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் அவனைப் பார்த்தார். மொட்டைத் தலையோடு இருந்தான். எந்தக் கோயிலுக்கு நேர்ச்சை என்று கேட்டபடி உட்கார்ந்தார். அவன் அதற்குப் பதில் சொல்லாமல் பாலம்மாள் கதையைத் தொடங்கினான். காமாலை என்பது பொய்யாம். புருஷன் அடி தாங்காமல் அப்பன் வீட்டுக்குப் போகிறேன் என்று கிளம்பினாளாம். பேய் பிடித்திருக்கிறது என்று ஊருக்குச் சொல்லிவிட்டு, நல்லகண்ணுவே அவள் முடியை அறுக்காமல் அப்படியே மரத்தோடு சேர்த்து ஆணி அடித்து நிறுத்தினானாம். மாமியார், நாத்தனார், அந்தச் சின்னப் பிள்ளை, எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்களாம். விடியும்போது அவள் பிணமாக முடியிலேயே தொங்கிக்கொண்டிருந்தாளாம்.

“அந்த ஆணிய அவன் அன்னைக்கே பிடுங்கிக் கிணத்துல போட்டான். நான் பார்த்தேன். வண்டிச் சக்கரத்துக்கு அடிக்குத சதுரத் தலை ஆணி. மில்லுல அவன் தலையில இருந்துச்சே, அதேதான்.”

அந்த ஆணி அவனுக்கு எப்படி அவ்வளவு நன்றாகத் தெரியும் என்று காளிராஜ் கேட்டார்.

“என் வண்டி ஆணி. அவன் கேட்டான், எடுத்துக் கொடுத்தேன்.”

டீ ஆறிப்போயிருந்தது. மூக்காண்டி இரண்டு கையாலும் உச்சந்தலையைப் பொத்திக்கொண்டான்.

“அதான் மொட்டையடிச்சேன் அண்ணாச்சி. அப்பவும் இழுத்துக்கிட்டுதான் இருக்கா.”